ஐ.பி. கொடுத்த பிறகு, செட்டில்மென்ட் போட்ட பிறகு வீட்டுக் கடன் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் வருமான வரி, ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. வீட்டுக் கடனுக்கு மூன்று வருட ரிட்டர்ன் வேண்டும் என்று வருகிறவர்களில் சிலர் ஃபைலை நீட்டிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பழசு ஒண்ணு இருக்குதுங்க" என்பார்கள். தறி நொடித்து ஐ.பி. (கோர்ட்டில் திவால் மனு) கொடுத்தது, கொரோனா வருடத்தில் கார்டு பில் கட்டாமல் விட்டது, மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று பழசு ஆளுக்கு ஒன்றாக இருக்கும். கேட்கிற கேள்விகள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லவில்லை.

ஒருதடவ திவால் ஆயிட்டா ஆயுசுக்கும் வீட்டுக் கடன் கிடைக்காதுங்களா?

கிடைக்கும். திவாலாகி, அந்த வழக்கும் முடிந்துவிட்ட ஒருவருக்குக் கடன் தரவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தருவதா வேண்டாமா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. வங்கி பார்ப்பது இரண்டைத்தான்: பழைய கணக்கு முழுசாக முடிந்ததா, அதற்குப் பிறகு நீங்கள் ஒழுங்காகக் கட்டி வந்திருக்கிறீர்களா.

ஆனால் "திவால்" என்ற ஒரே சொல்லை நம்மூரில் மூன்று விதமானவர்கள் சொல்கிறார்கள். கோர்ட்டில் ஐ.பி. மனு போட்டவர் ஒருவர். வங்கியோடு பேசிக் குறைத்துக் கட்டி செட்டில்மென்ட் போட்டவர் இன்னொருவர். கட்டாமலே விட்டு, வங்கியும் கேட்பதை நிறுத்திவிட்டதால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் வழி வேறு வேறு. நீங்கள் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். என்னிடம் "ஐ.பி. கொடுத்தவன்" என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் கோர்ட் படியே ஏறியதில்லை. கடன்காரர்களுக்கு வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பியதோடு சரி, மனு போடவே இல்லை.

மஞ்ச நோட்டீஸ் விட்டாச்சுன்னா கடன் தீர்ந்த மாதிரிதானே?

இல்லை, மஞ்சள் நோட்டீஸ் என்று நம்மூரில் சொல்கிற ஐ.பி. நோட்டீஸ் ஆரம்பம்தான். சென்னைக்கு வெளியே இருக்கிற நமக்கு இன்றும் 1920-ஆம் வருடத்து மாகாண திவால் சட்டம்தான் பொருந்துகிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு, ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு மட்டும்தான் அதை 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற சாதாரண ஆட்களுக்கு அது இன்னும் வரவில்லை.

பழைய சட்டப்படி மூன்று கட்டம் இருக்கிறது. மனு போடுவது முதல் கட்டம். விசாரித்துக் கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவிப்பது இரண்டாவது, அன்றோடு உங்கள் சொத்து கோர்ட் அல்லது கோர்ட் நியமிக்கும் ரிசீவர் பொறுப்புக்குப் போய்விடும். மூன்றாவதாக, கோர்ட் குறித்த கெடுவுக்குள் நீங்களே மனு போட்டு விடுவிப்பு உத்தரவு, அதாவது டிஸ்சார்ஜ் ஆர்டர் வாங்க வேண்டும். நிறையப் பேர் இரண்டாவது கட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கெடுவுக்குள் மனு போடாவிட்டால் திவால் அறிவிப்பையே கோர்ட் ரத்து செய்யலாம், அப்போது கடன்காரர்கள் மறுபடி உங்கள் வாசலுக்கு வருவார்கள். டிஸ்சார்ஜ் கேட்கும்போது, கடனில் ரூபாய்க்கு 8 அணா, அதாவது பாதி அளவுக்காவது சொத்து இருந்ததா, இல்லையென்றால் அது உங்கள் தப்பால் வந்ததா என்றும் கோர்ட் பார்க்கும்.

வீடு வாங்க நினைப்பவருக்கு இதில் இரண்டு ஆபத்து. டிஸ்சார்ஜ் கிடைக்கும் முன் நீங்கள் புதிதாக வாங்குகிற சொத்தும் ரிசீவரிடம்தான் போய்ச் சேரும். அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகாதவர் அந்த விஷயத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. 50 ரூபாய் என்பது 1920-ல் எழுதிய தொகை, அதை இன்னும் மாற்றவில்லை. ஆகவே ஐ.பி. கொடுத்தவர் வங்கிக்குப் போகும் முன் பழைய வக்கீலைத் தேடிப் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆர்டர் கையில இருக்குது. சிபில்ல தானா மாறிடுமா?

மாறாது. யார் எப்படிக் கடன் கட்டினார் என்று பதிவு வைத்திருக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் தருவது கடன் கொடுத்த வங்கிதான். கோர்ட் உத்தரவு அங்கே தானாகப் போவதில்லை. உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி, மனுவில் பெயர் போட்டிருந்த ஒவ்வொரு வங்கிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பாக்கியைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புகை அட்டைகளை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த உத்தரவு எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் இவையெல்லாம் அப்படியே நிற்கும். அடமானம் வாங்கிய வங்கி தன் அடமானச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் விடுபட மாட்டார். இந்தக் கடைசி விஷயத்தால் எத்தனையோ குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

நெட்ல "திவாலாகி 4 வருஷம் காத்திருந்தா போதும்"னு போட்டிருக்குதே?

அது அமெரிக்கக் கணக்கு. அங்கே 7-ஆம் அத்தியாயம் என்ற திவால் முறையில் விடுவிப்பு வாங்கியவர், சாதாரண வீட்டுக் கடனுக்கு 4 வருடமும் அரசுக் காப்பீடு உள்ள எஃப்.எச்.ஏ. கடனுக்கு 2 வருடமும் பொதுவாகக் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி நாட்டுக்கே பொதுவான கெடு எதுவும் இல்லை. யாரோ மொழிபெயர்த்துப் போட்டதைப் படித்துவிட்டு 4 வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாக்கியை அப்படியே விட்டுவிட்டு எத்தனை வருடம் காத்திருந்தாலும் பயனில்லை.

சிபில் ஸ்கோர் எவ்வளவுன்னு செல்லுலயே பாத்துட்டேன், 610. அது போதாதா?

போதாது. 300 முதல் 900 வரை போகிற அந்த எண் வெறும் மதிப்பெண். நமக்கு வேண்டியது முழு அறிக்கை. ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கையும் இறக்குங்கள். ஒன்றில் முடிந்ததாக இருக்கும் கணக்கு இன்னொன்றில் பாக்கியாக நிற்பது சகஜம்.

அறிக்கையை அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதக் கட்டங்கள் வரிசையாக இருக்கும், 36 மாதம் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண்: 000 என்றால் நேரத்துக்குக் கட்டியது, 030 என்றால் 30 நாள் தள்ளிப்போனது. 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். கட்டங்களுக்கு மேலே நடப்புப் பாக்கி, தாமதமான தொகை, ரைட் ஆஃப் செய்த தொகை, செட்டில்மென்ட் தொகை என்று தனித்தனியாக இருக்கும். இந்த நான்கில் பூஜ்யம் இல்லாத ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். போன வருடம் ஒரு தறிப் பட்டறைக்காரர் இப்படி வட்டமிட்டபோது, அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது பெரிய கடனே இல்லை என்று தெரிந்தது. தவணையில் வாங்கிய ஒரு மிக்சியின் கடைசித் தவணை, 1,840 ரூபாய், ரைட் ஆஃப் என்று நின்றிருந்தது. ஊர் மாறியபோது வங்கிக் கணக்கை மூடியிருக்கிறார், தவணை எடுக்கப்படவில்லை, அவருக்குத் தெரியவும் இல்லை.

செட்டில்டு, ரைட்டன் ஆஃப், க்ளோஸ்டு... மூணும் ஒண்ணுதானே?

க்ளோஸ்டு என்றால் வாங்கியதை முழுசாகக் கட்டி முடித்தது. செட்டில்டு என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொண்டது. சட்டப்படி கடன் முடிந்தது, ஆனால் "இவருக்குக் கொடுத்ததில் நஷ்டம்" என்ற பதிவு நிற்கிறது. ரைட்டன் ஆஃப் என்றால் இனி வராது என்று வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது, கடன் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் மேலாளர் கண்ணில் மோசமானது ரைட்டன் ஆஃப், அடுத்தது செட்டில்டு.

பேங்க்காரங்களே தள்ளுபடி பண்ணிட்டாங்க. நான் எதுக்குங்க கட்டோணும்?

இந்தச் சொல்தான் ஆளைக் குழப்புகிறது. 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தகுதியுள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அது உண்மையான தள்ளுபடி, உங்கள் கடனை அரசு ஏற்றுக்கொண்டது. வங்கி செய்கிற ரைட் ஆஃப் வேறு, முந்தைய பதிலில் சொன்னபடி அது அவர்களுடைய கணக்கெழுதும் முறை. செய்தித்தாளில் இரண்டுக்குமே "தள்ளுபடி" என்று போடுவதால் வந்த வினை இது.

அப்ப செட்டில்மென்ட்ல விட்டுக்குடுத்த மிச்சத்த இப்ப கட்டுனா, க்ளோஸ்டுன்னு மாத்துவாங்களா?

பெரும்பாலும் மாற்றுவார்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. அதே வங்கிக்குப் போய், "செட்டில்மென்ட் போட்ட கணக்கின் மீதியைக் கட்டி முடிக்க விரும்புகிறேன், கட்டினால் க்ளோஸ்டு என்று பதிவை மாற்றித் தருவீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள். தொகையைப் பேசலாம், பழைய அபராத வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் கடிதம், பிறகு பணம். கடிதத்தில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, கட்டிய பிறகு பதிவு எப்படி மாறும் என்ற நான்கும் இருக்க வேண்டும். வசூல் ஆள் தன் சொந்த ஜி-பே எண்ணைக் கொடுத்தால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், கடன் கணக்கில் நேராகப் போட வேண்டும். கட்டிய பிறகு பாக்கி இல்லைச் சான்றிதழ் வாங்குங்கள்.

2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளைக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது. வரவில்லையென்றால் சிபில் தளத்தில் புகார் போடுங்கள், காசு கிடையாது. புகார் 30 நாளுக்குள் தீராவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே வேலை நகரும். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

என் கடன வேற கம்பெனிக்கு வித்துட்டாங்களாம். யார்கிட்டப் போறது?

சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் என்று சொல்லப்படும் ஒன்றுக்கு விற்றிருப்பார்கள். இப்போது அவர்கள்தான் உங்கள் கடன்காரர், பேச வேண்டியதும் கட்ட வேண்டியதும் அவர்களிடம். விற்றதற்கான கடிதத்தைப் பழைய வங்கியிடம் கேட்டு வாங்கிய பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். அறிக்கையில் ஒரே கடன் இரண்டு பெயரில் இரண்டு முறை பாக்கியாக நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் அதற்கும் புகார் போடலாம்.

ஏழு வருஷம் ஆனா சிபில்ல அழிஞ்சுரும்னு சொல்றாங்களே, பேசாம இருந்துடலாமா?

குறைந்தது 7 வருடம் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, 7 வருடத்தில் அழிக்க வேண்டும் என்று விதி இல்லை. பாக்கியாக நிற்கும் கணக்கை வங்கி தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

இதோடு காலாவதிச் சட்டத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பொதுவாக 3 வருடத்துக்குள் வங்கி சிவில் வழக்குப் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் வழக்குப் போடும் உரிமை போனாலும் அறிக்கையில் இருக்கிற பாக்கி போகாது. வழக்கிலிருந்து தப்பிப்பதும் வீட்டுக் கடனுக்குத் தகுதி பெறுவதும் வேறு வேறு விஷயம். வீடு வேண்டுமென்றால் கட்டி முடிப்பதுதான் வழி.

எல்லாம் கட்டியாச்சுங்க. எத்தன மாசம் கழிச்சு அப்ளிகேஷன் போடலாம்?

சமரசத் தீர்வு, அதாவது செட்டில்மென்ட் போட்டவருக்கு, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில், அதே வங்கி குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் புதுக் கடன் தரலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு என்பது ஒவ்வொரு வங்கியின் கொள்கை. நான் 24 மாதம் என்று சொல்வேன். 36 மாதக் கட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு 000 என்று தெரிவதற்கும் ஒழுங்கான இரண்டு வருட ரிட்டர்ன் சேர்வதற்கும் அவ்வளவு காலம் ஆகும்.

அந்த 24 மாதமும் சும்மா இருந்தால் கட்டங்கள் வெறுமையாகத்தான் இருக்கும், ஏதாவது ஒரு கடன் ஓட வேண்டும். 20,000 அல்லது 25,000 ரூபாய் நிரந்தர வைப்பு போட்டு அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்குங்கள், பழைய பதிவு இருந்தாலும் பல வங்கிகள் தருகின்றன. பெட்ரோல், மளிகை என்று வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, பில் தொகை முழுவதையும் கெடுவுக்கு முன்னால் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதை மட்டும் கட்டினால் வட்டி ஏறிக்கொண்டே போகும். நகைக்கடன் எடுத்து நேரத்துக்கு மீட்டாலும் பதிவாகும், ஏலத்துக்கு விட்டால் அதுவும் பதிவாகும்.

வீட்டுக்காரி பேர்ல வாங்கிட்டா என் சிபில் தேவையில்லதானே?

அவருக்குத் தனி வருமானம் இருந்து, அது மட்டுமே தவணைக்குப் போதுமென்றால், அவர் ஒருவரே விண்ணப்பிக்கலாம், பத்திரமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அரசுப் பள்ளி ஆசிரியை, நர்ஸ், தையல் யூனிட் நடத்தி ரிட்டர்ன் போடுகிறவர் என்று இப்படி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வருமானத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் நீங்கள் இணை விண்ணப்பதாரர் ஆகிறீர்கள், அப்போது உங்கள் அறிக்கையும் மேசைக்கு வரும். சில வங்கிகள் கணவரைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கின்றன, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஐ.பி. கொடுக்கப்போகிறவர் அதற்கு முன் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். திவால் மனுவுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் இப்படி மாற்றியதைக் கோர்ட் ரத்து செய்ய முடியும். உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் அதோடு போகும், டிஸ்சார்ஜ் கேட்கும்போது அதுவே எதிராக நிற்கும்.

நான் வாங்குன கடனே இல்லைங்க, ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அதுக்கும் எனக்கா?

ஆமாம். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் கட்டாமல் விட்டது உங்கள் அறிக்கையிலும் தெரியும். மகனின் கல்விக் கடனும் இப்படித்தான். பையன் வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் கட்டாமல் இருந்திருப்பான், இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பா அதை மறந்தே போயிருப்பார். அவர் வீடு கட்டக் கடன் கேட்கும் அன்று அது எழுந்து வரும். வழி ஒன்றுதான்: அந்தக் கடனை முடிப்பது, அல்லது தாமதத் தொகையைக் கட்டி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது.

பேங்க்ல முடியாதுன்னுட்டாங்க. ஒரு ஹவுசிங் பைனான்ஸ்ல 13 சதவீதத்துக்குத் தர்றாங்க. வாங்கலாமுங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சம், 20 வருடம். 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். 13 சதவீதத்தில் சுமார் 23,430. மாதம் 5,400-க்கு மேல் வித்தியாசம், 20 வருடத்துக்கு 13 லட்சம். அந்தத் தவணை உங்கள் கைக்கு வரும் வருமானத்தில் பாதியைத் தாண்டினால் வாங்காதீர்கள் என்பேன். ஒருமுறை விழுந்து எழுந்தவர் தவணையை இழுத்துப் பிடித்துக் கட்டும் நிலையில் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டுக் கடனில் தவறினால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சர்ஃபாசி சட்டப்படி வழக்கில்லாமலே வீட்டை எடுக்க முடியும்.

தவணை தாங்குமென்றால் வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டு. வட்டி மாறும் வட்டியாக இருக்கட்டும். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக்கூடாது என்பதால், இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாற்றும்போது லீகல் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் மறுபடி ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது, வங்கிகளின் மாறும் வட்டி 2019 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது, ஹவுசிங் பைனான்ஸ்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்ததாகச் செய்தி வந்தாலும் உங்களுக்குக் குறையாமலே போகலாம்.

கையில எவ்வளவு பணம் வெச்சுட்டு இறங்கோணும்?

30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 75 லட்சம் வரை என்றால் 80, அதற்கு மேல் 75 என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. பழைய பதிவு உள்ளவருக்கு உச்சவரம்பு வரை தர மாட்டார்கள், 70 சதவீதம் என்று திட்டமிடுங்கள். பத்திரச் செலவு பொதுவாக இந்தக் கணக்கில் சேராது, தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 30 லட்சம் வீடென்றால் உங்கள் பங்கு 9 லட்சம், பத்திரத்துக்கு 2.7 லட்சம், ஆக 11.7 லட்சம். லீகல் ஒப்பீனியன், அடமானப் பதிவு, குடிபோகும் செலவு இதற்கு மேல். குறைகிறதே என்று கைமாற்றோ மீட்டர் வட்டியோ வாங்கி நிரப்பினால் பழைய இடத்துக்கே திரும்பிப் போவீர்கள்.

பழைய கதைய நாமளா சொல்லணுமா? அவங்க கேட்டா சொல்லிக்கலாமா?

நீங்களே சொல்லுங்கள். எப்படியும் அவர்கள் பார்த்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகாத ஐ.பி. என்றால் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று இரண்டாவது பதிலில் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம் எழுதி ஃபைலின் மேலே வையுங்கள்: என்ன நடந்தது, எந்த வருடம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் முடித்தேன், இப்போது வருமானம் என்ன. அழுது எழுத வேண்டாம், தேதியும் தொகையும் போதும். அதன் பின்னால் பாக்கி இல்லைச் சான்றிதழ், கோர்ட் உத்தரவு, கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட். தறி ஓடாத வருடத்துக்கு மின்வாரிய இணைப்புத் துண்டிப்புக் கடிதத்தை வைத்த ஒருவருடைய ஃபைல் மேலாளர் மனதில் நின்றது, ஏனென்றால் நஷ்டம் வந்த மாதம் எதுவென்று அது தானே சொன்னது.

நான்கு வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொன்றும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தது பதிவாகும், ஸ்கோரும் இறங்கும், அடுத்த வங்கிக்குச் சந்தேகமும் வரும். வாய்வார்த்தையாக மேலாளரிடம் பேசிவிட்டு, வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த ஒரு இடத்தில் மட்டும் போடுங்கள்.

15,000 குடுத்தா ஒரே மாசத்துல சிபில் கிளியர் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாருங்க?

கொடுக்காதீர்கள். தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம், முறையை மேலே எழுதியிருக்கிறேன். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. அவரிடம் ஆதார், பான், ஓ.டி.பி. கொடுத்து உங்கள் பெயரில் வேறு கடன் முளைத்தால் அதை இறக்க இன்னொரு வருடம் ஆகும்.

லோன் ஆயிரும்னு மேனேஜர் சொன்னாரு, நம்பி 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். இப்ப ரிஜெக்ட் ஆயிருச்சு. பணம் திரும்ப வருமுங்களா?

உங்கள் கிரய அக்ரிமென்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் பறிமுதல்" என்று மட்டும் இருந்தால் விற்பவரிடம் பேசிப் பார்க்க வேண்டியதுதான். பேசும்போது வங்கியின் மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கெடுவை நீட்டித் தரச் சொல்லியும் கேளுங்கள், அந்த நேரத்தில் வேறு இடத்தில் முயற்சி செய்யலாம். ஏன் மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில சமயம் காரணம் நீங்களே இல்லை, வீட்டுப் பத்திரத்தில் உள்ள வில்லங்கமோ அனுமதியில்லாத மனையோ தடுத்திருக்கும்.

இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதவர்களுக்கு: மேலாளர் வாயால் சொன்னது சாங்ஷன் ஆகாது. சாங்ஷன் கடிதம் வந்த பிறகும் லீகல், மதிப்பீடு முடிந்து பணம் வருவது தனி. அக்ரிமென்ட் எழுதும் அன்று பத்திர எழுத்தரிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "வாங்குபவருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிய 15 நாளுக்குள் முன்பணத்தை முழுவதும் திருப்பித் தர விற்பவர் சம்மதிக்கிறார்." விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முன்பணத்தை 25,000 ரூபாய்க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.